கால் மணி நேரக் கணக்கு

2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுப் பலகாரங்களின் வாசனை தோட்டத்து லயங்களிலே இன்னும் அடங்காதிருந்த வேளையில், இலங்கையின் கடிகாரங்கள் யாவும் அரை மணி நேரம் பின்னோக்கித் திருப்பப்பட்டன. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1996இல், மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டினால் நாடு இருண்டு கிடந்த காலத்தில், மாலை வெளிச்சத்தைச் சற்றே நீட்டி விளக்கெரிக்கும் நேரத்தைக் குறைக்கலாம் என்னும் எண்ணத்தோடு முன்னே தள்ளப்பட்ட நேரம், அவ்வாறு தன் பழைய ஸ்தானத்துக்குத் திரும்பி, இந்தியாவின் நேரத்தோடு மீண்டும் ஒன்றாயிற்று. புதிய நேரம், பழைய நேரம் என்று இரண்டு நேரம் சொல்லிப் பழகிப்போயிருந்த எம்மவர்க்கு, பெரட்டுக்குப் போகும் வேளையை மறுபடியும் சரிசெய்துகொள்வதே அன்று பெரிய காரியமாயிருந்தது. அந்த அரை மணி நேரத்துக்கும் இரு தேசங்களுக்கிடையிலான ஒரு கணக்குப் புத்தகத்துக்கும் சம்பந்தம் உண்டாகக்கூடும் என்று எவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

அந்தச் சம்பந்தம் இப்போது நெருங்கி வருகிறது. மதுரையிலிருந்து பாக்கு நீரிணையின் அடியாக இலங்கைக்கு மின்சாரம் கொண்டுவருவது பற்றி 2010ஆம் ஆண்டிலேயே இரு அரசாங்கங்களும் ஆய்வுக்கு ஒப்பந்தம் செய்தன; பின்னர் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயர் அழுத்த நேரோட்ட இணைப்பின் மூலம் மின்சாரத்தை இறக்குமதியும் ஏற்றுமதியும் செய்துகொள்வதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கொழும்பிலே கைச்சாத்தாயிற்று. இந்தியாவில் மின்சாரத்தின் நாள் 24 மணியாக எண்ணப்படுவதில்லை. கால் மணிக்கு ஒன்றாக 96 கூறுகளாக எண்ணப்படுகிறது. அதிகாலை 6 மணிக்குத் தொடங்குவது 25ஆவது கூறு. எமது கடிகாரம் 2006க்கு முன்னிருந்தவாறே இன்றும் அரை மணி நேரம் முந்தியிருந்தால், இரத்தினபுரியில் 25ஆவது கூறாயிருப்பது மதுரையிலே 23ஆவது கூறாயிருக்கும். ஒரு குமாஸ்தா ஒரு நாள் அதை மறந்தாலும், அரை மணி நேரத்து மின்சாரம் முழுவதும் ஒருவர் ஏட்டில் வரவாகவும் மற்றவர் ஏட்டில் வெறுமையாகவும் நின்றுவிடும்.

அண்டை நாடுகளோ அண்டை மாநிலங்களோ மின்சாரத்தை வாங்கி விற்கும்போது, முன்கூட்டி எழுதி வைத்த அளவுக்கும் உண்மையில் கம்பியில் ஓடிய அளவுக்கும் உண்டாகும் வித்தியாசத்தை எவ்வாறு கணக்கில் கொண்டு தீர்ப்பது என்பதே இக்கட்டுரையின் விஷயம். கேட்பதற்கு உலர்ந்த விஷயமாகத் தோன்றலாம். கொழுந்து மடுவத்திலே தராசு முள்ளைப் பார்த்தபடி நின்று, சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது என்று மனத்துக்குள் கணக்கிட்டு, முழுப்பேரா அரைப்பேரா என்று கணக்கப்பிள்ளையின் எழுதுகோலைப் பார்த்து ஏங்கிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு, நிறுவையும் பதிவும் பொருந்தாதபோது என்ன நேரும் என்பதைப் பிறர் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றப் பண்டங்களுக்கு இல்லாத ஒரு விசேஷம் மின்சாரத்துக்கு உண்டு. தேயிலை, றப்பர், அரிசி எதுவாயினும், அனுப்பியவன் அனுப்பாவிட்டால் வாங்குபவன் கையில் பண்டம் இல்லை. அதோடு விவகாரம் முடிந்தது. மின்சாரத்தில் அவ்வாறன்று. பல மின்நிலையங்களும் பல நகரங்களும் ஒரே வலையில் பிணைக்கப்பட்டிருக்கும்போது, ஒருவன் தான் ஒப்புக்கொண்ட அளவுக்குக் குறைவாக உற்பத்தி செய்தாலும் அவனுடைய வீடுகளில் விளக்கு அணைவதில்லை. குறைந்த பங்கு, அவன் கேளாமலே, எவருடைய அனுமதியுமின்றி, அந்தக் கணமே அயலவர்களின் இயந்திரங்களிலிருந்து பாய்ந்து வந்துவிடுகிறது. எந்தக் கம்பி வழியே யாருடைய மின்சாரம் வந்தது என்று தேடுவதோ, இரத்தினபுரியில் வே கங்கை வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே நின்றுகொண்டு, களு கங்கையின் எந்தத் துளி எந்த மலையினுடையது என்று கேட்பதற்கு ஒப்பாகும். ஆகையால் கணக்கு எழுதுவோர் தனித்தனிக் கம்பிகளைத் தொடர்வதை விட்டுவிட்டு, ஒரு பிரதேசத்தின் எல்லையைக் கடக்கும் கம்பிகள் அனைத்திலும் மின்மானி பொருத்தி, வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்து, மிச்சத்தை முன்னெழுதிய அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீட்டில் நிற்கும் மீதியே விலகல்.

விலகல் இரண்டு வழியாக உண்டாகும் என்பதையும், இரண்டையும் ஒன்றாகப் பாவித்தல் பெரும் பிழை என்பதையும் வாசகர் மனங்கொள்ள வேண்டும். முதலாவது, எழுத்துப் பிழை. மாலை 6 மணி முதல் 7 மணி வரை 100 மெகாவாட் தருவதாக ஒருவர் ஏட்டில் இருக்கிறது. வாங்குபவர் ஏட்டில் அது 7 மணி முதல் 8 மணி வரை என்று பதிவாகிவிடுகிறது. விற்பவர் தம் ஏட்டின்படி இயந்திரத்தை முடுக்குகிறார். வாங்குபவர் தம் ஏட்டின்படி தம்முடைய இயந்திரத்தையும் நிறுத்தாமல் ஓட்டுகிறார். மிகுந்த 100 மெகாவாட், இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாதொரு பங்குமில்லாத மூன்றாமவர்களின் மீது பரவுகிறது. இதைக் கண்டுபிடிக்கும் சாதனம் மிகப் பழையது, செட்டியார்களின் பேரேட்டில் இருப்பதுதான்: ஒருவருடைய பற்று மற்றொருவருடைய வரவாக இருந்தே தீர வேண்டும். பிராந்தியத்திலுள்ள எல்லாருடைய அட்டவணைகளையும் கூட்டினால் சூனியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓரிடத்தில் எழுதுகோல் தவறியிருக்கிறது.

இரண்டாவது, ஓட்டப் பிழை. அட்டவணை இரு ஏடுகளிலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் மேகம் வந்து சூரிய மின்சாரம் குறைந்தது, காற்று எதிர்பார்த்ததிலும் பலமாக வீசியது, ஓர் இயந்திரம் பழுதுபட்டு நின்றது. எழுத்துப் பிழையை ஏட்டிலே திருத்தலாம். ஓடிப்போன மின்சாரத்தைத் திருத்த இயலாது. அதற்கு விலை மட்டுமே நிர்ணயிக்கலாம். இரண்டாவது வகைப் பிழை செய்தவன், பின்னாளில் தன் அட்டவணையை மாற்றி எழுதி, அதை முதல் வகைப் பிழைபோலக் காட்ட அனுமதிக்கப்படுவானாயின், அந்தக் கணக்கு கணக்கேயன்று.

பிழையின் சுமை எங்கே போய்ச் சேர்கிறது? மீடிறனில், தமிழ்நாட்டார் அதிர்வெண் என்று சொல்வது. எங்கள் நாட்டிலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் மின்னோட்டம் விநாடிக்கு 50 தடவை திசை மாறி மீள்கிறது. தேவை உற்பத்தியை மிஞ்சினால், பிணைக்கப்பட்ட இயந்திரங்கள் யாவும் சேர்ந்து சற்றே தளர்ந்து சுழல, 50 என்பது 49.9 ஆகும், உற்பத்தி மிஞ்சினால் 50.1 ஆகும். நெடுந்தூரத்துக்கு அப்பால் நடந்த பிழையை, ஒரு சமையலறை மின்கடிகாரம் அறிந்துவிடும் என்றால் நம்புவது அரிது. ஆனால் 2018ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அதுவே நடந்தது. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் 6ஆம் திகதி வரை, கொசோவோவில் உற்பத்தியை மிஞ்சிய தேவையை அங்குள்ளவர்களும் நிரப்பவில்லை. அப்பிரதேசத்தின் சமநிலைக்குப் பொறுப்பேற்றிருந்த சேர்பியாவும் நிரப்பவில்லை. அவ்விரு தரப்பினரின் இராஜீய வழக்கு மின்கம்பியில் ஏறி, 25 நாடுகளின் மீடிறனைச் சராசரி 49.996க்கு இழுத்தது. 50க்கு 0.004 குறைவு என்பது அற்பம். ஆனால் ஏறத்தாழ 50 நாட்களுக்கு அது சேர்ந்தபோது, மின்னோட்டத்தின் துடிப்பை எண்ணி நேரம் காட்டும் கடிகாரங்கள் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பின்தங்கிவிட்டன. அளந்து பார்த்தபோது கணக்கில் வராத மின்சாரம் 11 கோடியே 30 இலட்சம் அலகுகள். பின்னர் வலையின் மீடிறனைச் சற்றே உயர்த்தி ஓட்டிக் கடிகாரங்களைச் சரிசெய்தார்கள். கடிகாரத்தைச் சரிசெய்வது எளிது; அந்த 11 கோடி அலகுகளுக்கு யார் கடன்பட்டவர் என்பதே கடினமான வினா.

பழைய வழக்கம், அலகுக்கு அலகு திருப்பித் தருதல். இந்த வாரம் அதிகமாக இழுத்தவன் அடுத்த வாரம் அதே அளவு கூடுதலாக அனுப்பிவிட வேண்டும். லயத்திலே அடுத்த காம்பராவில் ஒரு படி அரிசி கைமாற்று வாங்கி, சம்பளத்துக்குப் பின் ஒரு படி அளந்து கொடுப்பது போன்ற, பார்வைக்கு நியாயமான முறை. ஆயினும், அரிசி அரிதாயிருக்கும் மாதக் கடைசியில் வாங்கி, அறுவடை காலத்திலே திருப்பித் தருபவன் உண்மையில் சமமாகத் தருகிறானா? உச்சத் தேவை நிலவும் மாலை 7 மணிக்கு இழுத்த ஓர் அலகு, விலையுயர்ந்த எண்ணெயை எரித்து உண்டாக்கியது. நள்ளிரவு 2 மணிக்குத் திருப்பித் தரும் அலகு, வேண்டுவாரின்றிக் கிடப்பது. இந்த அநியாயத்தைக் குறைக்கவே வட அமெரிக்காவில் உச்ச வேளைக் கடனையும் ஓய்ந்த வேளைக் கடனையும் தனித்தனி ஏட்டில் எழுதும் வழக்கம் ஏற்பட்டது. ஐரோப்பாவும் நெடுங்காலம் அலகுக்கு அலகே தீர்த்துவந்து, 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் பணத்தால் தீர்க்கும் முறைக்கு மாறிற்று. அந்த மாற்றத்தை இந்தியா ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னரே செய்துவிட்டது என்பதை, தமிழ் பேசுவோர் பெருமையோடு அறிந்துகொள்ள இடமுண்டு. ஏனெனில் அந்தப் பரீட்சை நடந்த களங்களுள் தமிழ்நாடும் ஒன்று.

அந்நாளில் இந்திய மாநிலங்கள் தமக்கு உரிய பங்கைவிட அதிகமாக இழுத்தாலும், மாத முடிவில் மொத்த அலகுகளுக்கான சாதாரண விலையைக் கொடுத்தால் போதும் என்ற நிலை இருந்தது. எந்த வேளையில் இழுத்தாய் என்று எவரும் கேட்கவில்லை. அதனால் மாலையில் மீடிறன் 49க்கு வெகு கீழே சரிவதும், நள்ளிரவில் யாரும் உற்பத்தியைக் குறைக்க மனமின்றி அது 50ஐ விட வெகுவாக மேலேறுவதும் சகஜமாயிற்று. பானு பூஷண் என்னும் பொறியியலாளர் பிரதான சிற்பியாக நின்று வகுத்த ஓர் ஏற்பாட்டை, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஆணையாக வெளியிட்டது. தென் பிராந்தியத்தில் அது 2003ஆம் ஆண்டு ஜனவரி முதல் திகதி அமுலுக்கு வந்தது. அதன் சூக்ஷ்மம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: விலகிய மின்சாரத்தின் விலை, அது விலகிய கால் மணி நேரத்தில் நிலவிய மீடிறனைப் பொறுத்தது. அன்றைய விகிதப்படி, மீடிறன் 50.5 ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் விலை சூனியம். குறையக் குறைய விலை ஏறி, 49ஐ எட்டும்போது அலகுக்கு 4 ரூபாய் 20 சதம், இந்தியர் கணக்கில் 420 பைசா.

ஓர் உதாரணத்தால் இதன் அழகு விளங்கும். ஒரு மாநிலம் ஒரு கூறில் 1,000 மெகாவாட் எடுப்பதாக எழுதிக்கொடுத்து, 1,040 எடுத்துவிடுகிறது என்று வைப்போம். மிகையான 40 மெகாவாட், கால் மணி நேரத்துக்கு 10,000 அலகுகள். வலை முழுவதும் மின்சாரம் பொங்கி வழியும் 50.5 மீடிறனில் அது நடந்தால், அதற்கு ஒரு காசும் இல்லை. வலை மூச்சுத் திணறும் 49இல் நடந்தால் 42,000 ரூபாய். அதே வேளையில் எழுதியதற்கு மேல் உற்பத்தி செய்து கைகொடுத்தவனுக்கு அந்த விலையே வருமானமாகக் கிடைக்கும். கட்டளையிடுவார் எவருமின்றியே, சுவரில் தொங்கும் ஒரு மீடிறன்மானியைப் பார்த்து, இப்போது இழுப்பதா கொடுப்பதா என்று ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்கக்கூடிய நிலை உண்டாயிற்று. மின்சார இயலின் ஓர் எண்ணையே நீதிபதியாக அமர்த்திய இந்த யோசனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் மரியாதையும் உண்டாகின்றன.

ஆயினும் எந்த விதியையும் மனிதர் தம் வசதிக்கு வளைப்பார்கள். அபராதமாக விதித்த விலையைச் சில மாநிலங்கள் கடைவிலையாக எண்ணி, ஒப்பந்தம் செய்து வாங்க வேண்டிய மின்சாரத்தை விலகலாகவே இழுக்கத் தொடங்கின. 2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதியும் 31ஆம் திகதியும் வட இந்தியாவின் வலை அடுத்தடுத்துச் சாய்ந்து, இரண்டாம் நாளில் 60 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கும் பிரதேசம் இருளில் மூழ்கியபோது, அட்டவணைக்கு மீறிய இழுப்பும் காரணங்களுள் ஒன்றென விசாரணையில் வெளிப்பட்டது. தென் பிராந்தியம் அப்போது, மீடிறனைக் கடத்தாத நேரோட்ட இணைப்புகளால் மட்டுமே வடக்கோடு தொடுக்கப்பட்டிருந்தமையால் தப்பியது; அது முழுவதும் பிணைக்கப்பட்டது 2013ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான். அதன்பின் 2014இல் விதிகள் இறுகின. எழுதிய அளவில் நூற்றுக்கு 12 அல்லது 150 மெகாவாட், இவ்விரண்டில் எது குறைவோ அதற்கு மேல் விலகினால் கூடுதல் அபராதம் விதிக்கப்பட்டது. அதைவிட நுட்பமானது மற்றொரு விதி: ஒரே திசையில் தொடர்ந்து விலகும் எவரும், 12 கூறுகளுக்கு ஒரு முறையேனும், அதாவது மூன்று மணி நேரத்துக்கொரு தடவையேனும், எதிர்த் திசைக்கு மாறியாக வேண்டியிருந்தது. தற்செயலான பிழை இரு பக்கமும் விழும், ஒரே பக்கம் விழுந்துகொண்டிருப்பது பிழையன்று, பழக்கம் என்பதை அந்த விதி கண்டுகொண்டது. தராசைப் பற்றிய இந்த உண்மையை எங்கள் மலைகளில் கொழுந்து நிறுத்த பெண்கள் எந்த ஆணையத்துக்கும் முன்னரே அறிந்திருந்தார்கள்.

இக்கணக்கு எழுதப்படும் கிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லைக் கம்பிகளில் பொருத்திய விசேஷ மின்மானிகள், ஒவ்வொரு கால் மணிக்கும் ஓடிய அலகுகளையும் அந்தக் கூறின் சராசரி மீடிறனையும் பதிந்து வைக்கின்றன. திங்கள் முதல் ஞாயிறு வரையான பதிவுகள் திரட்டப்பட்டு, தென் பிராந்தியத்துக்குப் பெங்களூரிலுள்ள சுமைப் பகிர்வு மையத்திலே அட்டவணையோடு ஒப்பிடப்படுகின்றன. பிராந்திய மின்குழு வாராந்தரக் கணக்கை வெளியிடுகிறது. கொடுக்க வேண்டியவர் ஒரு பொதுநிதியிற் செலுத்த, பெற வேண்டியவர் அதிலிருந்து பெறுகிறார். யார் யாருக்குக் கடன் என்று தேடுவதில்லை. பொதுநிதிக்குக் கடன், அவ்வளவே. அந்த ஏடுகள் எவரும் பார்க்கும்படி பிரசுரிக்கப்படுகின்றன என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

எல்லை தாண்டிய நாடுகளுக்கும் இந்தியா இதே கணக்கை விரித்திருக்கிறது. 2013 அக்டோபரில் 500 மெகாவாட் நேரோட்ட இணைப்பால் பங்களாதேஷ் சேர்ந்தது. சபரகமுவையைப் போலவே மழையை நம்பி வாழும் நேபாளம், 2021 நவம்பர் முதல் தன் நீர்மின்சாரத்தை இந்தியச் சந்தையில் விற்று வருகிறது. 2019இல் வந்த எல்லை தாண்டிய மின்வணிக விதிகள், அயல்நாட்டின் விலகற் கணக்கைத் தீர்க்க இந்தியப் பக்கத்தில் ஒரு நிறுவனம் முகவராக நிற்க வேண்டுமென்று வகுத்துள்ளன.

இனி எங்கள் மலைகளுக்கு வருவோம். தேயிலை ஆலைகளின் உருளைகளைச் சுழற்றுவதற்காக ஓடைகளை மறித்து வெள்ளைக்காரத் துரைமார் அமைத்த சிறு நீர்ச்சக்கரங்கள் காலத்தால் துருப்பிடித்தாலும், 1990களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் சிறு நீர்மின்நிலையங்கள் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் ஆறுகளில் ஒவ்வொன்றாக எழுந்தன. குருவிட்டைக்கு மேலே எரத்னவில் உள்ளது அவற்றுள் ஒன்று. 10 மெகாவாட்டுக்கு மேற்படாத இவற்றின் மின்சாரத்தை, எவ்வளவு வந்தாலும் வந்தபடியே வாங்கிக்கொள்வதாக மின்சார சபை ஒப்பந்தம் செய்திருந்தது. 1992இல் இயங்கத் தொடங்கிய பலாங்கொடைச் சமனலவெவ 120 மெகாவாட் நிலையம் நீரைத் தேக்கி வைத்து வேண்டியபோது திறக்கும். இந்தச் சிறு நிலையங்களோ வானம் கொடுத்ததைக் கொடுத்த கணமே மின்சாரமாக்கிவிடும். சிவனொளிபாத மலைச் சரிவில் எதிர்பாராது ஒரு மழை கொட்டினால், நாளை மாலைக்கென எழுதிய கணக்கு அன்றைக்கே பிழையாகிவிடும். இதுவரை அப்பிழை எம் வீட்டுக்குள்ளே அடங்கியது. அண்டை வீடு இல்லாத தீவுக்கு, பிழையைத் தாங்கவும் ஆள் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறன்று, தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்த பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த விபத்து, நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலையத்தையும் நிறுத்தி, நாடு முழுவதையும் இருளச் செய்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

மதுரைக் கம்பி நேரோட்டமாக வருவதால், எமது மீடிறனும் இந்தியாவினுடையதும் கலந்துவிடா; ஐரோப்பாவின் கடிகாரங்களுக்கு நேர்ந்தது எமக்கு நேராது. ஆனால் விலகலின் பாரம் இரு பக்கத்துக்கும் சமமன்று. 2024 மே மாத இறுதியில் 2,50,000 மெகாவாட்டை எட்டிய இந்தியாவின் தேவையில் 50 மெகாவாட் பிழை ஒரு துளி. எமக்கு அது ஒரு மாவட்டம். அங்கே மலிவாக இருக்கும் ஒரு கால் மணி, இங்கே அரிதான கால் மணியாக இருக்கலாம். அப்போது விலகலுக்கு எந்தப் பக்கத்து விலை? கடலுக்கடியில் தேய்ந்துபோகும் அலகுகளை யார் தலையில் கழிப்பது, மதுரையில் உள்ள மின்மானியின் எண்ணையா, எமது கரையிலுள்ள மின்மானியின் எண்ணையா உண்மையென்று கொள்வது? கொழுந்து மடுவத்திலே சச்சரவு எப்போதும் எழுந்தது நிறுவையின் மீதன்று, கழிவை யார் நிர்ணயிப்பது என்பதன் மீதே. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் தேசிய முறைமை இயக்குநர் என்றொரு பொறுப்பை வகுத்திருக்கிறது. அந்த இயக்குநரின் ஏடும் பெங்களூர் ஏட்டைப் போலவே வாராவாரம் வெளியாக வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும் வெளியாக வேண்டும், ஏனெனில் விலகலுக்காகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் ஈற்றில் லயத்துக் காம்பராவின் மின்பட்டியலிலே வந்து நிற்கும்.

இன்று மாலையும் மலையில் கருக்கல் கூடியிருக்கிறது. ஆறேகால் மணி, 74ஆவது கூறு. விளக்குகள் ஏற்றப்படும் நேரம். ஓடையில் நீர் கலங்கி உயர, அதன் கரையிலுள்ள சிறு மின்நிலையத்தின் சக்கரம் எவரும் எழுதி வைக்காத சில நூறு அலகுகளை வலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.